முழங்கால் என்று வாதிட்டு வென்றேன்

இதை வாசிக்கும் நீங்கள் எனக்குச் சாட்சியாக நிற்க வேண்டும். நடுவரின் நாற்காலியை உங்களுக்கு என்னால் தர இயலாது. அதில் ஒருவர் அமர்ந்து தீர்ப்பும் வழங்கிவிட்டார், அது பிழையாகவும் முடிந்துவிட்டது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். எந்த இடத்தில் நான் ஒரு கணம் வாயை மூடியிருந்தால் போதுமாயிருந்திருக்கும் என்பதை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

விடயம் என் தங்கையின் வலது கால். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது; வகுப்பிலேயே உயரமானவள், உடம்பும் சற்றுக் கனமானது, பாடசாலை வலைப்பந்து அணியில் கோல் காப்பவள். அவள் ‘நானா’ என்று கூப்பிடும் அண்ணனான எனக்குப் பதினெட்டு வயது. உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். பாடசாலையின் தமிழ் விவாத அணிக்குத் தலைவனாக இருந்தேன். மாத்தளை மாவட்டத்தில் நான் ஏறிய மேடைகளில் தோற்று இறங்கியது ஒரே ஒரு தடவை. அந்தத் தடவையும் நடுவர்களில் ஒருவர் எனக்கே புள்ளி அதிகம் இட்டிருந்தார் என்பதை அன்று முதல் இன்று வரை சொல்லி வருகிறேன்.

பலாபத்வலயில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே எங்கள் வீடு. வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடையைச் சாத்தினால் பிற்பகல் அஸர் தொழுகை வரை வீட்டில் இருப்பார். நான் முதன்முதலாக மாவட்ட மட்டத்தில் வென்ற ஆண்டில் அவர் வீட்டுக்குள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வீட்டில் யாருக்கும் யாரோடும் கருத்து வேறுபட்டால் சண்டையிடக் கூடாது. வெள்ளிக்கிழமை பகலுணவுக்குப் பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டும். வாப்பா கைபேசியில் நேரம் பார்ப்பார். இரண்டரை நிமிடம் ஆனதும் கரண்டியால் கிளாஸில் ஒரு தட்டு, மூன்றாவது நிமிடத்தில் இரண்டு தட்டு. பிறகு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை யாரும் மீறுவதில்லை.

வேடிக்கையாகத்தான் தொடங்கியது. ஆனால் மூன்று ஆண்டுகளில் அது எங்கள் வீட்டின் சட்டமாகிவிட்டது. கிணற்றடியில் நின்ற ஈரப்பலா மரத்தை வெட்டக் கூடாது என்று ஓர் ஆண்டு வாதிட்டு வென்றேன். அடுத்த ஆண்டு அதே மரத்தை வெட்ட வேண்டும் என்று வாதிட்டு அதிலும் வென்றேன். வாப்பா அதை வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லுவார். உம்மாவோ ஒருநாளும் முதல் தட்டைக் கேட்டதில்லை. ஒரு நிமிடம் ஆகுமுன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, "அவ்வளவுதான்" என்று எழுந்துவிடுவார்.

தங்கையின் கால் முதலில் நோகத் தொடங்கியது இரண்டாம் தவணையின் தொடக்கத்தில். பயிற்சி முடிந்து வந்தால் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். எங்கே என்று கேட்டால் முழங்காலின் உட்பக்கத்தையும் அதற்கு மேலே தொடையின் உட்புறத்தையும் உள்ளங்கையால் தடவிக் காட்டுவாள். உம்மா எண்ணெய் சுட வைத்துத் தேய்த்தார். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் மறுபடி நோகும்.

உம்மா வேறொன்றையும் கவனித்திருந்தார். அவரும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொழுவார்கள். எங்கள் தொழுகையின் கடைசி இருப்பு எப்படியென்றால், இடது பாதத்தை வலது கணைக்காலின் கீழாக வெளியே தள்ளிவிட்டு, இடது பிட்டத்தைத் தரையில் பதித்து உட்கார வேண்டும். வலது முழங்கால் முன்னே மடங்கியிருக்கும்; வலது பாதம் உடம்பை ஒட்டி, விரல்கள் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். சின்ன வயதிலிருந்து பழகியவர்களுக்கு இது மூச்சு விடுவதைப் போல. தங்கைக்கு அது திடீரென்று முடியாமல் போயிற்று.

"மகள், ஏன் சப்பணம் போட்டு உக்காருறீங்க? ஒழுங்கா இருங்க" என்று உம்மா ஒரு நாள் சொன்னது எனக்கு அடுத்த அறையில் கேட்டது.

"ஏலாது உம்மா. கால் அங்குட்டு வருதில்ல."

"நோகுதா?"

"நோகுறதும் இல்ல. வருதில்ல."

அந்த வார வெள்ளிக்கிழமை உம்மாவே விடயத்தை மேசைக்குக் கொண்டுவந்தார். தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் முழுக் காலையும் இடுப்பையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அது தேவையில்லை, வளரும் பிள்ளைகளுக்கு வரும் சாதாரண முழங்கால் நோவுதான் என்றேன். வாப்பா கைபேசியை எடுத்து மேசையில் வைத்தார்.

"சரி. உம்மா முதல்ல."

உம்மா கை கழுவிய ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே பேசினார். "நான் என்னத்தப் பேச? தொழுறப்போ பாருங்க. முழங்கால் நல்லா மடங்குது. ஆனா பாதம் பக்கத்துல நிக்குதில்ல, தொடை வெளியே போய் விழுது. நெத்தியத் தரையில வச்சு சுஜூதுக்குப் போனாலும் வலது முழங்கால் தனியா விலகிப் போகுது. முழங்கால்ல கோளாறுன்னா மடக்கத்தானே கஷ்டமா இருக்கணும்? எனக்கு என்னமோ மேல எங்கயோன்னு படுது. காட்டினா நல்லம். அவ்வளவுதான்."

"இன்னும் ரெண்டு நிமிசத்துக்கு மேல இருக்கு" என்றார் வாப்பா.

"அத மகனுக்குக் குடுங்க. அவருக்குத்தான் பத்தாது."

எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் எழுந்தேன்.

நான் பேசியதை இங்கே சுருக்கமாகவேனும் தர வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வாக்கியமும் பொய்யில்லை. இடுப்பு வளையத்திலிருந்து தொடங்கினேன். மனிதனின் இடுப்பென்பு பிறக்கும்போது மூன்று துண்டுகள். வளர வளர அவை ஒன்றாகப் பொருந்துகின்றன. மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஆழமான ஒரு கிண்ணம் அமைகிறது. தொடை என்பின் உருண்டைத் தலை அந்தக் கிண்ணத்துக்குள் அமர்கிறது. உடம்பிலேயே நீளமான, வலிமையான என்பு அது. தசைநார்கள் அந்த மூட்டைச் சுற்றி முறுக்கிக் கட்டியிருப்பதால் நாம் நேராக நிற்கும்போது தசைகளுக்கு அதிக வேலையே இல்லை. அதனால்தான் ஒரு பேச்சாளன் ஒரு மணி நேரம் மேடையில் நிற்க முடிகிறது. இவ்வளவு பாதுகாப்பான மூட்டு பன்னிரண்டு வயதில் எப்படிப் பழுதாகும் என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். முழங்கால் அப்படியல்ல. தொடை என்பின் இரண்டு குமிழ்கள் கணைக்கால் உள்ளென்பின் தட்டையான மேற்பரப்பில் வெறுமனே தங்கியிருக்கின்றன, முன்னால் சில்லு, தொடையின் முன்பக்கத்து நாற்றலைத் தசை அந்தச் சில்லைப் பற்றி, அதன் வழியே கணைக்காலின் மேல்முனையில் உள்ள ஒரு சிறு மேட்டை இழுக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு அந்த மேடு இன்னும் முற்றாக இறுகவில்லை. துள்ளிக் குதித்துப் பந்து தடுக்கும் பிள்ளைக்கு அங்கேதான் நோகும். ஓய்வு கொடுத்தால் மாறும்.

இதைச் சொல்லிக்கொண்டே தங்கையின் அருகே போய், அந்த மேட்டைப் பெருவிரலால் அழுத்தினேன்.

"நோகுதா?"

"லேசா. ஆனா நானா, அங்கயில்ல, உள்பக்கம்..."

"பார்வையாளர் குறுக்கிடக் கூடாது" என்றேன். வாப்பா கிளாஸைத் தட்டினார். மறுபடியும் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

முடிவுரைக்கு ஒரு வாக்கியத்தை நான் முதலிலேயே ஆயத்தமாக வைத்திருந்தேன். "முன்கதவில் யாரோ தட்டினால் நாம் கூரைக்கு ஏறிப் பார்ப்பதில்லை. நோவு தட்டுவது முழங்காலில். உம்மா ஏறச் சொல்வது கூரைக்கு." இரண்டு தட்டு விழுவதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் அமர்ந்தேன்.

"இதுக்குப் பிறகு நான் என்ன சொல்ல?" என்று வாப்பா கையை விரித்தார். "முழங்கால்தான். அதக் காட்டுவோம். இடுப்பெல்லாம் தேவையில்ல."

உம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் மாத்தளை நகரில் ஒரு மருத்துவரிடம் போனோம். வாப்பாவுக்குக் கடை இருந்தது; உம்மாவுக்கு வீட்டில் வேலை; கூட்டிப்போனவன் நான். அவர் தங்கையைப் பார்த்து, "எங்க நோகுது மகள்?" என்று கேட்டார். அவள் வாயெடுக்குமுன் நான் தொடங்கிவிட்டேன். வயது, விளையாட்டு, நோவு தொடங்கிய காலம், கூடும் நேரம், குறையும் நேரம், அழுத்தினால் நோகும் இடம் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் தொகுத்துச் சொன்னேன். தொழுகை இருப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. தீர்ப்பில் தோற்ற வாதத்தை மறுபடி எடுப்பது முறையல்ல என்பது என் பயிற்சி.

"தம்பி டொக்டருக்குப் படிக்கிறீங்களோ?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், மடக்கி நீட்டினார், முழங்காலைப் படம் எடுக்கச் சொன்னார். படத்தில் முழங்கால் சுத்தமாக இருந்தது. நோவுக்கு மாத்திரையும் முழங்காலுக்கு ஓர் உறையும் தந்து, சில கிழமைக்கு விளையாட வேண்டாம், குறையாவிட்டால் திரும்ப வாருங்கள் என்றார். அவர்மீது எனக்கு இன்றும் குறையில்லை. அவர் பார்த்தது நான் காட்டியதை. திரும்பப் போகாமல் இருந்ததும் நாங்கள்தான்.

அடுத்த ஆறு கிழமைகளில், அதாவது ஒன்றரை மாதத்தில், நோவு குறைந்ததோ இல்லையோ, தங்கையின் நடை மாறியது. வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி விழத் தொடங்கியது. வலது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்து எழுந்தது. வாத்து நடை நடக்கிறாள் என்று பாடசாலையில் அவளைத் தாரா என்று கூப்பிடுகிறார்கள் என ஒரு நாள் சொன்னாள்.

"நீங்க சிரிங்க நானா, பரவாயில்ல. எனக்கே சிரிப்பாத்தான் இருக்கு."

நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அந்தக் கணத்தில் இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் தாங்குவது இடுப்பின் வெளிப்பக்கத்தில், தொடை என்பின் மேல்முனைக்கும் இடுப்பென்புக்கும் இடையே விரிந்திருக்கும் ஒரு தசை. என்பின் மேல்முனை இடம் மாறினால் அந்தத் தசையின் பிடி தளர்கிறது. உடம்பு தானே சாய்ந்து சமன் செய்கிறது. தங்கையின் உடம்பு அந்த ஆறு கிழமையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. நான் அதைச் சோம்பல் நடை என்றேன்.

அதோடு நில்லாமல் திருத்தவும் முனைந்தேன். மேடைக்கு நடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்: முதுகு நேர், பார்வை நேர், இரண்டு பாதமும் முன்னோக்கி. மாலைதோறும் முன்வாயில் கேற்றடியிலிருந்து வாசற்படி வரை தங்கையைப் பத்துத் தடவை நடக்க வைத்தேன். வலது பாதத்தை உள்ளே திருப்பி வைக்கச் சொன்னேன். திருப்பும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்தாள்.

"ஏலாது நானா."

"ஏலும். ஏலாதுன்னு சொல்லிப் பழகிட்டே. அதான்."

"சத்தியமா ஏலாது. உள்ளுக்க எதுவோ இடிக்குது."

"முழங்கால்ல எதுவும் இல்லைன்னு படமே எடுத்தாச்சு. இன்னும் மூணு தடவை."

மூன்று தடவையும் நடந்தாள். சாட்சியாக நிற்பவர் இந்த இடத்தையும் குறித்துக்கொள்ளலாம். எனக்கு இதைத் தாண்டிப் போவது இன்னும் கடினமாகவே இருக்கிறது.

அவள் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பாடசாலை விட்டு வரும் வழியில். பலாபத்வலயில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது காலை முதலில் தரையில் ஊன்றினாள். பஸ் படி உயரம். விழுந்தது பெரிய விழுதல் அல்ல, முழங்கை கூடச் சிராயவில்லை என்று கூட வந்த பிள்ளைகள் சொன்னார்கள். ஆனால் எழும்ப முடியவில்லை. காலைத் தூக்கவே முடியவில்லை. மரக்கறிக் கடைக்காரர் ஒருவர் அவளைத் தூக்கித் தன் கடை முன்னால் இருந்த வாங்குப் பலகையில் கிடத்திவிட்டு எங்களுக்கு ஆள் அனுப்பினார். நானும் உம்மாவும் ஓடிப்போனபோது அவள் அழவில்லை. முகம் வெளுத்து, வலது காலை ஒருவரும் தொடக் கூடாது என்று இரு கைகளாலும் காவல் காத்துக்கொண்டிருந்தாள். முச்சக்கர வண்டியின் பின் இருக்கையில் அவளைக் கிடத்தி, உம்மா கீழே குந்தி அவள் காலைத் தாங்கிக்கொள்ள, அரச மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே பார்த்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசினார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் சிங்களத்தில் தொடங்கினேன். "மாதக் கணக்காக முழங்கால் நோவு இருக்கிறது, முழங்காலைப் படம் எடுத்தாயிற்று, வளரும் வயதில்..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பாதத்தின் விரல்கள் கூரையைப் பார்த்தன. வலது பாதம் முழுக்க வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வலது குதிகால் ஒரு விரலளவு மேலே நின்றது.

"மல்லி, நீங்க கொஞ்சம் இருங்க" என்று தம்பிக்குரிய சிங்களச் சொல்லால் என்னை நிறுத்தினார். பிறகு தங்கையிடம், தங்கச்சிக்குரிய சொல்லால், "நங்கி சொல்லுங்க. எங்க நோகுது?"

தங்கை கையை எடுத்து அரையில், தொடை தொடங்கும் மடிப்பில் வைத்தாள்.

"முந்தியும் அங்கதானா?"

"முந்தி உள்பக்கம், கீழ வரைக்கும். மிஸ், நான் சொன்னேன்..." என்று தொடங்கி என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மருத்துவர் உம்மாவிடம் திரும்பி, கால் எப்போதிலிருந்து இப்படி வெளியே திரும்புகிறது என்று சிங்களத்தில் கேட்டார். உம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் தொழுகையின் கடைசி இருப்பை எந்த மொழியில் விளக்குவது? இரண்டு சொல் சொல்லிப் பார்த்தார். பிறகு, "இருங்க, காட்டுறேன்" என்றவர், அபாயாவைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ஆட்கள் போய்வரும் அந்தச் சீமெந்துத் தரையிலேயே அமர்ந்துவிட்டார். இடது பாதத்தை வெளியே தள்ளினார். வலது பாதத்தை ஊன்றினார். "இப்படித்தான் இருக்கணும். மகளுக்கு இது வருதில்ல" என்றவர், வலது தொடையைக் கையால் பிடித்து வெளியே தள்ளிக் காட்டினார். "இப்படிப் போகுது. மூணு மாசமா."

மருத்துவர் குனிந்து பார்த்தார். தன் கையால் உம்மாவின் வலது முழங்காலைத் தொட்டு, தொடை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார். உம்மாவின் கையைப் பிடித்து எழுப்பியும் விட்டார். பிறகு அருகில் நின்ற தாதியிடம் சொன்னார்: "இடுப்பு. ரெண்டு பக்கமும் படம் எடுக்கணும். இந்தப் பிள்ளையைக் கால் ஊன்ற விட வேணாம்."

மூன்று நிமிடத்துக்குக் குறைவாகவே அது முடிந்திருந்தது.

படத்தை வெளிச்சத்தில் வைத்து அவர் எனக்குக் காட்டியபோது நான் என் வாழ்வில் முதல் தடவையாக ஒரு தொடை என்பைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை பார்த்ததெல்லாம் பாடப்புத்தகத்தின் கோடுகள். தொடை என்பின் தண்டு நேராக மேலேறிப் போய், கிண்ணத்தை நோக்கி ஒரு கழுத்தாகச் சாய்கிறது. கழுத்தின் நுனியில் தலை. வளரும் பிள்ளையில் கழுத்தும் தலையும் ஒரே என்பு அல்ல. இரண்டுக்கும் இடையே மெல்லிய குருத்தெலும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. என்பு நீளுவது அங்கேதான். உயரம் விரைவாகக் கூடும் வயதில், உடற்பாரமும் சேர்ந்தால், சிலருக்கு அந்தத் தட்டு தாங்காமல் போகிறது. தலை கிண்ணத்துக்குள்ளேயே இருக்க, கழுத்து அதன் கீழிருந்து மெல்ல மெல்ல முன்னே நகர்ந்து வெளியே திரும்பிவிடுகிறது. மருத்துவர் தன் பேனையின் மூடியைப் பாதி கழற்றி, ஒரு பக்கம் சரித்துப் பிடித்துக் காட்டினார்.

"அப்போ முழங்கால் ஏன் நோகுது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சிறிதாகக் கேட்டது.

"ஒரே நரம்பு, மல்லி. இடுப்பு மூட்டுக்கும் போகுது, தொடை உள்பக்கமா இறங்கி முழங்காலுக்கும் போகுது. மேல பிழைச்சா மூளைக்கு எங்கன்னு சரியாத் தெரியாது. பிள்ளை முழங்கால்னு சொன்னா இடுப்பையும் பாக்கணும். அது எங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றது."

நடைப் பயிற்சியைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். மறைக்க முடியவில்லை. அவர் படத்தை வெளிச்சத்திலிருந்து எடுத்துவிட்டு, "நடந்திருக்கக் கூடாது. இனி நடக்க வேணாம்" என்றார். மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது அன்று பஸ் படியில் முழுதாக நழுவியிருந்தது. அந்த நழுவலில் என் பங்கு எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. தொடை என்பின் தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. அவை நசுங்கியிருந்தால் தலை மெல்ல மெல்ல உயிரிழந்து உருவம் கெடும்; பன்னிரண்டு வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் அந்த மூட்டு நோகும். நசுங்கியதா இல்லையா என்பது மாதங்கள் போன பின்தான் தெரியும்.

அன்றே கண்டிக்கு அனுப்பினார்கள். மறுநாள் சத்திர சிகிச்சை. கழுத்தின் வழியே தலைக்குள் ஒரு திருகாணி இறக்கி, நழுவியதை அதற்கு மேல் நழுவாமல் பிடித்துவைத்தார்கள். சிகிச்சை நடந்த நேரம் முழுவதும் வாப்பா தாழ்வாரத்தின் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் நின்றோம். இடையில் அவர் என் பக்கம் வந்தார்.

"தீர்ப்புக் குடுத்தது நான் மகன்."

"வாதாடினது நான் வாப்பா."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் உம்மா, வாங்கில் இருந்தபடியே. "யாரு பிழைன்னு பேசி இனி அதுலயும் ஒருத்தர் வெல்லணுமா? அவ கண் முழிச்சா கஞ்சி கேப்பா. போய் எங்க கிடைக்கும்னு பாருங்க."

நாங்கள் இருவரும் கஞ்சி தேடிப் போனோம்.

தங்கை வலது காலை ஊன்றாமல் கைத்தடிகளில் மாதக் கணக்கில் நடந்தாள். வெள்ளிக்கிழமை விவாதம் நின்றுபோயிற்று. யாரும் நிறுத்தவில்லை, யாரும் தொடங்கவில்லை. ஒவ்வொரு கிளினிக் நாளிலும் புதிய படம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தலை உருண்டையாகவே இருந்தது. "இன்னும் நல்லா இருக்கு" என்பதற்கு மேல் அவர்கள் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வலது கால் சிறிது கட்டை. பாதம் சற்று வெளியே திரும்பியே நிற்கிறது. வலைப்பந்து இனி இல்லை. தரையில் அந்த இருப்பு இருக்க முடியாமல் கதிரையில் அமர்ந்து தொழுகிறாள்.

ஒன்றை மட்டும் ஒவ்வொரு கிளினிக்கிலும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒரு பக்கம் இப்படி நழுவிய பிள்ளைக்கு மறுபக்கமும் நழுவலாம். வளர்ச்சி முடியும் வரை இடது காலைக் கவனிக்க வேண்டும். இடது இடுப்போ, தொடையோ, முழங்காலோ சிறிது நொந்தாலும் அன்றே கொண்டுவர வேண்டும். நழுவத் தொடங்குமுன் பிடித்தால் ஒரு திருகாணியோடு முடிந்துவிடும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை உம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தங்கை கைத்தடியில்லாமல், கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரிடம் ஏதோ மெதுவாகச் சொல்வதைக் கண்டேன். உம்மா கையிலிருந்த துணியை அப்படியே கூடையில் போட்டார்.

"எத்தன நாளா?"

"நாலு நாள். இடது முழங்கால். லேசாத்தான்."

"நாலு நாளா ஏன் மகள் சொல்லல?"

அவள் என் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "சொன்னா நானா வந்து அது ஒண்ணுமில்லைன்னு பேசுவார். அவர் பேசினா எனக்கே ஒண்ணுமில்லைன்னு தோணிடும். அதான் முதல்ல நல்லா நோகட்டும்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று பார்த்துச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

அன்றே கண்டிக்குப் போனோம். நான்கு பேரும். அங்கே அவளிடம் கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள், நான் கதவருகே நின்றேன். இடது தொடையை உள்ளே திருப்பினார்கள், திரும்பியது. படத்தில் தலை கழுத்தின் மீது நேராக அமர்ந்திருந்தது. வலது காலின் வேலையையும் சேர்த்துச் சுமந்ததால் தசை களைத்திருக்கலாம், ஆனாலும் வந்தது மிக நல்லது, இன்னும் நோகுமென்றால் மறுபடி வாருங்கள், எத்தனை தடவையானாலும் வாருங்கள் என்றார்கள்.

 வீட்டுக்கு வந்து, உம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பிறகு, தங்கை காலை நீட்டி உட்கார்ந்திருந்த கதிரைக்கு முன்னால் போய்த் தரையில் அமர்ந்தேன். வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார், உம்மா அடுப்படி வாசலில் நின்றார். என்னிடம் ஆயத்தமான வாக்கியம் எதுவும் இருக்கவில்லை. அவர்கள் மூவருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்:

"இனிமே நோகுதுன்னா நல்லா நோகுற வரைக்கும் இருக்காதே. எந்தக் கால்னாலும், லேசான்னாலும், முதல் நாளே சொல்லு. ஒண்ணுமில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஏன், எங்கேன்னும் கேக்க மாட்டேன். அப்பவே எழும்பி உன்கூட வருவேன். அங்க போய் டொக்டர் கேட்டா, நீ சொல்லி முடியிற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்."